ஜிஎஸ்டி ஆர்டர் வந்ததும் பேங்க் கணக்கில் கை வைக்க முடியுமா?

கேட்டவர் ஹார்டுவேர் மொத்த வியாபாரி. 2021-22-ல் இரண்டு சப்ளையர்களிடம் வாங்கிய சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) செல்லாது என்று அவருக்கு ஆர்டர் வந்திருக்கிறது. சப்ளையர்கள் வரியை அரசுக்குக் கட்டவில்லை என்பதுதான் காரணம். வரி 9,40,000 ரூபாய், வட்டி 6,10,000, அபராதம் 94,000, மொத்தம் 16,44,000. ஆர்டர் வந்து ஐந்து வாரம் ஆகிறது, ஆடிட்டர் அப்பீலுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறார். அதற்குள் ஆபீஸிலிருந்து போன்: "இந்த வாரத்துக்குள்ள பாதியாவது கட்டிடுங்க, இல்லேன்னா பேங்குக்கு லெட்டர் போயிடும்." அப்படி லெட்டர் போகலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

போகக் கூடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 78-வது பிரிவைப் பாருங்கள். மத்தியச் சட்டத்திலும் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் பிரிவு எண் ஒன்றுதான். ஆர்டர் உங்களிடம் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அதன் பிறகுதான் வசூல் நடவடிக்கை. இந்த மூன்று மாதம் அதிகாரி மனமிரங்கிக் கொடுக்கும் தவணை இல்லை, சட்டமே கொடுத்த கெடு. அப்பீல் போடுவதற்கும் 107-வது பிரிவில் அதே மூன்று மாதம்தான். இரண்டும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. அப்பீல் உரிமை உயிரோடு இருக்கும்போதே பணத்தை எடுத்துவிட்டால், அப்பீலுக்கு என்ன அர்த்தம் இருக்கிறது?

விதிவிலக்கு ஒன்று உண்டு. அரசு வருவாயின் நலனுக்கு அவசியம் என்று கருதினால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, மூன்று மாதத்தைக் குறைத்துக் கட்டச் சொல்லலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. "எழுத்தில்", "காரணத்தோடு" என்ற இரண்டையும் கவனியுங்கள். மத்திய மறைமுக வரி வாரியம் 2024 மே 30 அன்று வெளியிட்ட அறிவுறுத்தல் இதை இன்னும் இறுக்கியது. வசூல் செய்கிற உதவி கமிஷனரோ துணை கமிஷனரோ இந்தக் குறுக்கு வழியைத் தானாக எடுக்க முடியாது. கோப்பைக் கமிஷனரிடம் வைத்து, அவர் திருப்தியடைந்து, காரணத்தோடு உத்தரவு போட்டு, அதன் நகல் உங்களுக்கு வர வேண்டும். ஆள் கடையை மூடிவிட்டு ஓடப் போகிறார், சொத்தை விற்கிறார், திவாலாகப் போகிறார் என்பது போன்ற ஆதாரம் கையில் இருக்க வேண்டும். "மார்ச் வருது, டார்கெட் இருக்கு" என்பது காரணமாகாது. அந்த அறிவுறுத்தல் மத்திய அதிகாரிகளுக்கானது. உங்கள் கோப்பு மாநில வணிகவரித் துறையில் இருந்தால் அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் எழுத்து, காரணம் என்ற இரண்டும் சட்டத்திலேயே இருப்பதால் அவர்களுக்கும் அதேதான்.

ஆகவே போனுக்குப் போனில் பதில் சொல்லாதீர்கள். சண்டையும் போடாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். அன்றைக்கே அலுவலக மின்னஞ்சலுக்கு நான்கு வரி போதும்: "இந்தத் தேதியிட்ட ஆர்டர் எனக்கு இந்தத் தேதியில் கிடைத்தது. 78-வது பிரிவின்படி மூன்று மாத அவகாசம் இந்தத் தேதி வரை உள்ளது. 107-ன் கீழ் அப்பீல் தாக்கல் செய்ய இருக்கிறேன். அவகாசத்தைக் குறைத்து எழுத்துபூர்வமான உத்தரவு ஏதும் இருந்தால் அதன் நகலைத் தரவும்." இதை அனுப்பிய பிறகு அந்தப் போன் பெரும்பாலும் மறுபடி வராது. போன் பேச்சுக்குத் தடயம் கிடையாது, மின்னஞ்சலுக்கு உண்டு. நாளைக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் இந்த நான்கு வரிதான் உங்கள் முதல் ஆவணம்.

மூன்று மாதம் என்றால் 90 நாள் இல்லை, காலண்டர் மாதம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆர்டர் தபாலில் வரும் என்று காத்திருப்பார்கள். 169-வது பிரிவின்படி போர்ட்டலில் ஏற்றினாலும் அது சார்வு செய்த (உங்களிடம் சேர்த்த) மாதிரிதான். அதுவும் எங்கே ஏற்றுவார்கள்? லாகின் செய்ததும் கண்ணில் படுகிற நோட்டீஸ் பக்கத்தில் இல்லாமல், யூசர் சர்வீசஸ் மெனுவுக்குள் "கூடுதல் நோட்டீஸ்கள், ஆர்டர்கள்" என்று ஒரு தனிப் பக்கம் இருக்கிறதே, அதற்குள். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்கள்கூட அந்தப் பக்கத்தைத் திறந்திருக்க மாட்டார்கள். பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் பழைய கணக்கருடையதாக இருக்கும், அவர் வேலையை விட்டுப் போய் வருஷக் கணக்காகியிருக்கும். பேங்க் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் ஆர்டர் இருப்பதே தெரிய வருகிறது என்கிற நிலை மிகச் சாதாரணம். மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

இன்னொரு கண்ணி. மூன்று மாதம் தாண்டினாலும், தகுந்த காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம் வரை அப்பீலை ஏற்கலாம் என்று 107 சொல்கிறது. ஆனால் அந்த நான்காவது மாதத்தில் 78-ன் பாதுகாப்பு கிடையாது. மூன்று மாதம் முடிந்த மறுநாளே வசூல் தொடங்கலாம். "அதான் இன்னும் ஒரு மாசம் இருக்கே" என்று ஆடிட்டர் சொன்னால், அந்த ஒரு மாதமும் உங்கள் கணக்கு திறந்துதான் கிடக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். அப்பீல் போடும்போது நீங்கள் ஒப்புக்கொள்கிற தொகை இருந்தால் அதை முழுதாகக் கட்ட வேண்டும். தகராறு செய்கிற வரியில் 10 சதவீதம் முன்வைப்பாகக் கட்ட வேண்டும். வரியில் மட்டும்தான். வட்டியையும் அபராதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டாம். உங்கள் ஆர்டரில் மொத்தம் 16,44,000 என்று இருந்தாலும் முன்வைப்பு 9,40,000-ல் 10 சதவீதம், அதாவது 94,000 ரூபாய். இதைக் கட்டி அப்பீலைத் தாக்கல் செய்துவிட்டால் மீதி 15,50,000-ஐ வசூலிப்பது நிறுத்தப்பட்டதாகவே கருதப்படும் என்று 107(7) சொல்கிறது. ஸ்டே மனு வேண்டாம், தனி உத்தரவு வேண்டாம், யாரையும் பார்க்க வேண்டாம். போனில் "பாதி கட்டுங்க" என்று கேட்ட எட்டு லட்சத்துக்கும் சட்டம் கேட்கிற 94,000-க்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய வாட் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தில் முதல் அப்பீலுக்கே 25 சதவீதம் கட்ட வேண்டும். அதைக் கட்டினாலும் மீதிக்குத் தனியாக ஸ்டே வாங்க வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்சம் கட்டு, பேங்க் கேரன்டி கொடு என்று நிபந்தனை வரும். வரி விஷயத்தில் லேசில் தடை கொடுக்காதீர்கள் என்று டன்லப் வழக்கில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லியிருந்தது வேறு. அந்தக் காலத்தில் ஸ்டேக்காக அலைந்தவர்களுக்குத்தான் 107(7)-ன் இந்த ஒரு வாக்கியத்தின் அருமை தெரியும். ஜிஎஸ்டியில் வியாபாரிக்கு நல்லதாக அமைந்தவை குறைவு. இது அவற்றில் ஒன்று.

ஒரு பகுதியை ஒப்புக்கொள்வதாக இருந்தால் கணக்கு மாறும். இரண்டு சப்ளையர்களில் ஒருவருடைய பில் உண்மையிலேயே சரியில்லை, அதில் வரி 1,40,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 1,40,000-யும் அதற்கான வட்டி, அபராதத்தையும் முழுசாகக் கட்டிவிட்டு, மீதி 8,00,000-க்கு 10 சதவீதமாக 80,000 கட்ட வேண்டும். தோற்கிற பகுதியையும் சேர்த்து இழுத்தால் வட்டிதான் ஏறும். தடை என்பது வசூலுக்குத்தான், வட்டி ஓடுவதற்கு இல்லை.

முன்வைப்பை ரொக்கப் பேரேட்டிலிருந்துதான் கட்ட வேண்டும் என்று சில அதிகாரிகள் இன்னமும் சொல்வார்கள். உள்ளீட்டு வரி வரவிலிருந்து கட்டலாம் என்று குஜராத் உயர் நீதிமன்றம் யாஷோ இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது. அதை எதிர்த்துத் துறை போட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2025-ல் தள்ளுபடி செய்துவிட்டது. கிரெடிட் லெட்ஜரில் (உள்ளீட்டு வரி வரவுக் கணக்கில்) இருப்பு இருந்தால் கையிலிருக்கும் காசைத் தொட வேண்டாம். இந்தத் தொகைக்கு உச்சவரம்பும் உண்டு. 20 கோடி, மாநிலப் பங்குக்கு இன்னொரு 20 கோடி. உங்களுக்கும் எனக்கும் அது பொருந்தப் போவதில்லை.

அப்பீல் போட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அப்பீல் வாங்குகிறவர் ஒருவர், வசூல் கோப்பு வைத்திருக்கிறவர் வேறொருவர். அப்பீல் ஒப்புகையையும் முன்வைப்பு கட்டிய ரசீதையும் சேர்த்து வசூல் அதிகாரிக்கு நீங்களே அனுப்புங்கள். அனுப்பாததால், அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே டிஆர்சி-13 போன கதைகள் உண்டு. டிஆர்சி-13 என்பது 79-வது பிரிவின் கீழ் உங்களுக்குப் பணம் தர வேண்டிய மூன்றாம் நபருக்குப் போகிற நோட்டீஸ்: பேங்க், உங்களிடம் சரக்கு வாங்கிவிட்டுப் பாக்கி வைத்திருக்கிற கடை, உங்கள் இடத்தின் வாடகைதாரர். நோட்டீஸ்படி கட்டாத மூன்றாம் நபரே பாக்கிதாரராகக் கருதப்படுவார் என்பதால், எவ்வளவு பழகிய மேனேஜராக இருந்தாலும் அந்தத் தாளைப் பார்த்ததும் எடுத்துக் கட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பேங்க் உங்களுக்குத் தர வேண்டிய பணத்தைத்தான் கேட்கலாம், உங்களுக்குத் தரக்கூடிய கடனைக் கேட்க முடியாது. ஓவர்டிராஃப்ட் கணக்கில் 20 லட்சம் வரம்பு இருந்து அதில் 12 லட்சம் எடுத்திருந்தால், மீதி 8 லட்சம் உங்கள் பணம் இல்லை; பேங்க் உங்களுக்குக் கடன்பட்டிருக்கவில்லை, நீங்கள்தான் பேங்குக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள். இதைச் சென்னை உயர் நீதிமன்றம் 1958-லேயே கே.எம். ஆதம் வழக்கில், வருமான வரி பாக்கி சம்பந்தமாகச் சொல்லிவிட்டது. பிற உயர் நீதிமன்றங்கள் கேஷ் கிரெடிட் கணக்குக்கும் இதே தர்க்கத்தைப் பொருத்தியிருக்கின்றன. உங்களைப் போன்ற மொத்த வியாபாரிகள் பெரும்பாலும் சிசி கணக்கில்தான் ஓடுகிறீர்கள். அதை முடக்கியதாகச் செய்தி வந்தால், மேனேஜருக்கும் அதிகாரிக்கும் இதைச் சொல்லிக் கடிதம் கொடுங்கள்.

உங்களுக்கு ரீஃபண்ட் ஏதும் வர வேண்டியிருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். 54(10)-ல் அதற்கும் வேலி இருக்கிறது. அப்பீல் போடக் கடைசி நாள் தாண்டியும் தடை இல்லாத பாக்கியைத்தான் கழிக்கலாம்.

இதுவரை சொன்ன பாதுகாப்பெல்லாம் தகராறு உள்ள வரிக்கு. நீங்களே ரிட்டர்னில் காட்டிக் கட்டாமல் விட்ட வரிக்கு இதில் எதுவும் கிடையாது. 75(12)-ன்படி அதற்கு நோட்டீஸ் வேண்டாம், ஆர்டர் வேண்டாம், நேரே வசூல்தான். 2022 ஜனவரி 1 முதல் இந்த வாய் இன்னும் அகலமாகிவிட்டது. ஜிஎஸ்டிஆர்-1-ல் (விற்பனை விவர ரிட்டர்ன்) காட்டி 3பி-யில் (வரி கட்டும் ரிட்டர்ன்) காட்டாமல் விட்ட வரியும் "நீங்களே ஒப்புக்கொண்ட வரி" என்று ஒரு விளக்கம் சேர்த்துவிட்டார்கள். ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்து 40,000 வரி 4,00,000 ஆனாலும் சட்டத்தின் பார்வையில் அது உங்கள் ஒப்புதல். இதற்குத் தணிப்பாக விதி 88சி வந்தது: வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் டிஆர்சி-01பி என்ற அறிவிப்பு வரும், ஏழு நாளுக்குள் கட்ட வேண்டும் அல்லது காரணம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போடவே முடியாது, வசூலும் வரும். ஏழு நாள் என்பது ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வருவதற்குள் ஓடிவிடும். டைப்பிங் தவறு என்றால் அதைத்தான் அந்தப் பதிலில் எழுத வேண்டும், பிறகு எழுதிப் பயனில்லை.

வட்டியில் ஒரு இடைநிலை இருக்கிறது. தாமதத்துக்கு வட்டி தானாகவே விழும் என்பது உண்மை. ஆனால் வட்டியே கட்ட வேண்டியதில்லை என்றோ தொகை தப்பு என்றோ வியாபாரி மறுக்கும்போது, நோட்டீஸ் கொடுத்து முடிவு செய்யாமல் பேங்கில் எடுக்க முடியாது என்று ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் மகாதேவ் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் 2020-ல் சொன்னது. உங்கள் ஆர்டரிலும் வட்டியை ஒரு தரம் பாருங்கள். தவறாக எடுத்த வரவுக்கு வட்டி விழுவது, அதை எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் மட்டுமே. லெட்ஜரில் போதிய இருப்பு எப்போதும் இருந்து, அந்த 9,40,000 தொடப்படாமலே கிடந்திருந்தால் 6,10,000 வட்டிக்கு அடிப்படையே இல்லை. இந்த வாதத்தை அப்பீலில் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். உங்கள் கோப்பில் பெரிய காசு இருக்கிற இடம் இதுவாகக்கூட இருக்கலாம்.

சோதனை நடக்கிற நாள் வேறு கதை. காலையில் வருவார்கள், ராத்திரி வரை இருப்பார்கள். கணக்குப் புத்தகம் ஒரு மேஜையில், கம்ப்யூட்டர் ஒரு மேஜையில், முதலாளி நடுவில். பதினொரு மணிக்கு மேல் யாரோ ஒருவர் மெதுவாக, "ஒரு டிஆர்சி-03 போட்டுட்டா நாங்க கிளம்பிடுவோம்" என்பார். டிஆர்சி-03 என்பது தானாக முன்வந்து கட்டும் படிவம். முன்வந்தவர் முகத்தை அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். குஜராத் உயர் நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் பூமி அசோசியேட் வழக்கில், சோதனையின்போது காசோலையாகவோ ரொக்கமாகவோ மின்வழியாகவோ வரவுக் கழிவாகவோ எந்த வடிவிலும் வசூல் செய்யக் கூடாது, தானாகக் கட்ட விரும்பினாலும் சோதனை முடிந்த பிறகு கட்டட்டும் என்று உத்தரவிட்டது. 2022 மே 25 அன்று வாரியமும், சோதனையின்போது வற்புறுத்தி வாங்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. வல்லப் டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் விடியற்காலையில் கட்டவைத்த 1.80 கோடியை வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். 2025 பிப்ரவரி 27 அன்று ராதிகா அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றமும், கைது பயத்தைக் காட்டிப் பணம் வாங்குவது சட்டத்துக்குப் புறம்பு, அப்படிக் கட்டியவர்கள் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போகலாம் என்றது. ஆனால் கட்டிய மறுநாளோ அந்த வாரத்திலோ, வற்புறுத்தலில் கட்டினேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கும், இரண்டு வருஷம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு சொல்கிறவருக்கும் நீதிமன்றத்தில் ஒரே மரியாதை கிடைக்காது.

ஆர்டரே வராமல் கணக்கு முடங்கினால் அது 79 இல்லை, 83. தற்காலிக முடக்கம். இதைக் கமிஷனர் மட்டுமே செய்யலாம், அரசின் வருவாயைக் காப்பாற்ற அவசியம் என்பதற்கு உறுதியான ஆதாரம் அவர் கையில் இருக்க வேண்டும் என்று ராதா கிருஷன் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடூரமான அதிகாரம் என்றே அதை வர்ணித்தார்கள். ஆர்டர் பிறந்ததும் தற்காலிக முடக்கம் முடிந்துவிடுகிறது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஒரு வருஷம்தான் ஆயுள். முடிந்ததும் புதுத் தாளில் அதையே மறுபடி போட முடியாது என்று கேசரி நந்தன் மொபைல் வழக்கில் 2025-ல் சொல்லிவிட்டார்கள். முடக்கம் வந்தால் டிஆர்சி-22ஏ-வில் ஆட்சேபணை போடலாம். அதைக் கேட்டு முடிவு சொல்லியாக வேண்டும்.

வசூலைத் தடுக்கும் இன்னொரு வழி, ஆர்டரின் அடித்தளத்தையே பார்ப்பது. நோட்டீஸில் சொன்ன தொகையைவிட ஆர்டரில் கூட இருக்கக் கூடாது, நோட்டீஸில் இல்லாத காரணத்தின் மேல் டிமாண்ட் போடக் கூடாது, இது 75(7). பாதகமான முடிவு வரப்போகிறது என்றால் நீங்கள் கேட்காவிட்டாலும் நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், இது 75(4). மோசடி இல்லாத கோப்பில் (73-வது பிரிவு) ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் ஆர்டர் வந்திருக்க வேண்டும். உங்கள் 2021-22-க்கு அந்தக் கெடு 2025 டிசம்பர் 31, நோட்டீஸ் செப்டம்பர் 30-க்குள். ஒரு நாள் பிந்தியிருந்தாலும் அதுவே தனி வாதம். மோசடி, உண்மையை மறைத்தல் என்று 74-வது பிரிவில் போட்டிருந்தால் ஐந்து வருஷம் கிடைக்கும். அதனால்தான் காலம் கடந்த கோப்புகளில் "மறைத்தல்" என்ற சொல் திடீரென்று முளைக்கும். உங்களுக்கு அபராதம் வரியில் 10 சதவீதமாக இருப்பதால் உங்களுடையது 73-ன் கீழ் வந்தது. 2024-25 முதல் இரண்டையும் சேர்த்து 74ஏ என்று ஒன்றாக்கிவிட்டார்கள், அதற்குக் கெடு வேறு.

சப்ளையர் கட்டாததற்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்ற உங்கள் ஆதங்கம் அப்பீலில் சொல்ல வேண்டியது, வசூலைத் தடுக்காது. ஆனாலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: மதுரைக் கிளையில் 2021 பிப்ரவரியில் வந்த டி.ஒய். பெத்தேல் தீர்ப்பு, ரப்பர் ஷீட் வியாபாரிகளுடையது. வாங்கியவர் பேங்க் வழியாகப் பணம் கொடுத்திருக்கும்போது விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவர் மேல் மட்டும் பாய்ந்தது ஏன், விற்றவரை ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டு ஆர்டர்களை ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள். சில மாநில நீதிமன்றங்கள் எதிராகவும் சொல்லியிருக்கின்றன. லாரி வாடகை ரசீது, எடை சீட்டு, இ-வே பில், பேங்க் ஸ்டேட்மென்ட் நான்கும் இருந்தால் பெத்தேல் உங்களுக்கு உதவும். சரக்கு வந்ததற்கே அத்தாட்சி இல்லை என்றால் எந்தத் தீர்ப்பும் உதவாது.

எல்லாக் கெடுவும் தாண்டிய பிறகு விழித்துக்கொண்டவர்களுக்கு ரிட்தான் (உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) வழி. சென்னை உயர் நீதிமன்றமும் மதுரைக் கிளையும், நோட்டீஸ் போர்ட்டலில் மட்டும் போய், பதிலும் நேர்க்கேட்பும் இல்லாமல் பிறந்த ஆர்டர்களை, தகராறு வரியில் 10 அல்லது 25 சதவீதம் கட்டச் சொல்லி ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கின்றன. கட்டிய ரசீதைக் காட்டினால் பேங்க் முடக்கத்தை நீக்கச் சொல்வதும் உண்டு; ஏற்கெனவே எடுத்த பணத்தை இந்தத் தொகையில் கழித்துக்கொள்ளவும் கேட்கலாம். ஆனால் இதை உரிமை என்று நம்பிக் கெடுவை விடாதீர்கள். அப்பீல் காலமும் கூடுதல் அவகாசமும் முடிந்த பிறகு உயர் நீதிமன்றம் ரிட் மனுவை ஏற்க வேண்டாம் என்று கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அரசு வக்கீல் முதல் வாதமாகவே வைப்பார்.

முதல் அப்பீலில் தோற்றால் அடுத்தது ஜிஎஸ்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அங்கே இன்னொரு 10 சதவீதம் கட்டினால் அதே தானியங்கித் தடை தொடரும். பல வருஷம் இந்தத் தீர்ப்பாயம் காகிதத்தில்தான் இருந்தது. 2025 செப்டம்பர் 24 அன்றுதான் தொடங்கிவைத்தார்கள். தேங்கிக் கிடந்த பழைய உத்தரவுகளுக்கு 2026 ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில், முன்வைப்பைக் கட்டி, தீர்ப்பாயம் வந்ததும் அப்பீல் போடுவேன் என்று உறுதிமொழி கொடுத்தால் வசூல் கூடாது என்று 2024 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார்கள். அப்படி உறுதிமொழி கொடுத்தவர்கள் அதை மறக்காமல் அப்பீலாக மாற்றியாக வேண்டும்.

வாதாட விருப்பமில்லை, கட்டத்தான் போகிறேன், மொத்தமாக முடியாது என்றால் 80-வது பிரிவில் 24 மாதத் தவணை வரை கேட்கலாம். ரிட்டர்னில் காட்டிய வரிக்கு இது கிடைக்காது. ஒரு தவணை தவறினால் மீதி முழுதும் உடனே விழும்.

கேள்வியின் கடைசியில், 2009-10 வாட் பாக்கி என்று இப்போது ஒரு கடிதம் வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜிஎஸ்டி வந்ததால் பழைய பாக்கி அழியவில்லை, பழைய சட்டப்படி வசூலிக்கலாம். முதலில் அந்த ஆர்டரின் நகலையும் அது உங்களுக்குச் சார்வு செய்யப்பட்டதற்கான அத்தாட்சியையும் எழுதிக் கேளுங்கள். பல கோப்புகளில் பாக்கிப் பட்டியலில் தொகை இருக்கும், ஆர்டர் இருக்காது; அல்லது எப்போதோ கட்டிய சலான் பதிவாகாமல் இருக்கும். ஒரு மதிப்பீட்டாண்டில் வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாய்க்குள் இருந்த நிலுவைகளைத் தமிழக அரசு 2023 சமாதானத் திட்டத்தில் முழுக்கத் தள்ளுபடி செய்தது. உங்கள் கடிதத்தில் வரி 31,000 என்று இருப்பதாகச் சொல்கிறீர்கள். அன்றைய தேதியில் வட்டியோடு அது 50,000-க்குள் இருந்ததா என்று கணக்குப் போட்டுவிட்டு அந்தத் திட்டத்தைக் குறிப்பிட்டே பதில் எழுதுங்கள்.

ஜிஎஸ்டி அப்பீலில் ஜெயித்தால் அந்த 94,000 கட்டிய நாளிலிருந்து வட்டியோடு திரும்ப வரும், அது 115-வது பிரிவு. தானாக வராது, ரீஃபண்ட் மனு போட வேண்டும்.